ஆசிரியர் படிப்பு மூணாவது வருஷம்: தியரி, டீச்சிங் பிராக்டிஸ், லைசென்ஸ் எக்ஸாம் மூணையும் எப்படி சேர்த்துக் கொண்டு போறது?

கணக்குப்பெண் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். நான் இளங்கலைல எஜுகேஷன் படிக்கிறேன், மெயின் கணக்கு, இப்ப மூணாவது வருஷம். அடுத்த செமஸ்டர் முழுக்க ஸ்கூல்ல டீச்சிங் பிராக்டிஸ், அது முடிஞ்ச கையோட லைசென்ஸ் எக்ஸாம் எழுதணும்.

என் குழப்பம் என்னன்னா இந்த மூணும் ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இல்லாத மாதிரி இருக்கு. காலேஜ்ல கற்றல் பத்தி கோட்பாடு சொன்ன பியாஜே, வைகாட்ஸ்கி, புளூம்னு பக்கம் பக்கமா எழுத வைக்கிறாங்க, அப்சர்வேஷனுக்கு ஸ்கூலுக்குப் போனா அங்க யாரும் இந்தப் பேரையெல்லாம் எடுக்கிறதே இல்ல, ஒரு சீனியர் டீச்சர் நேரடியாவே சொல்லிட்டாங்க அதெல்லாம் எக்ஸாமோட சரிம்மா கிளாஸுக்குள்ள வந்தா எதுவும் உதவாதுன்னு. சரி எக்ஸாமுக்காவது உதவுதான்னு மாடல் கேள்வி எடுத்துப் பார்த்தா அதுல யாரு என்ன சொன்னாங்கன்னு கேக்கவே இல்ல, "ஒரு மாணவன் இப்படி விடை எழுதினான், ஆசிரியர் அடுத்து என்ன செய்யணும்"னு கேக்குறாங்க, நாலு ஆப்ஷனும் சரியாத்தான் தெரியுது.

எக்ஸாமுக்கு இப்பவே படிக்க ஆரம்பிக்கணுமா இல்ல பிராக்டிஸ் முடிஞ்சப்புறம் உட்காரலாமா? தியரிய எவ்வளவு சீரியஸா எடுத்துக்கணும்? அப்புறம் உண்மைய சொல்லணும்னா கிளாஸ் கன்ட்ரோல நினைச்சாதான் ரொம்ப பயமா இருக்கு. இந்த வேலைய நான் ஆசைப்பட்டுத்தான் எடுத்தேன், சரியா பண்ணணும். அனுபவம் இருக்கிறவங்க விவரமா சொல்லுங்க ப்ளீஸ்.

சாக்பீஸ் பதில்:

நான் லைசென்ஸ் வாங்கி வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச காலந்தான் ஆகுது, அதனால எல்லாம் இன்னும் நல்லா ஞாபகம் இருக்கு. உங்க சீனியர் டீச்சர் சொன்னத நான் ஒத்துக்க மாட்டேங்க. அவங்களுக்குப் பேரு மறந்து போயிருக்கலாம், ஆனா கிளாஸ்ல அவங்க பண்றதுல பாதி அந்த தியரிதான்.

ஒரு உதாரணம் சொல்றேன், நீங்க கணக்குங்கிறதால. ஒரு பையன் 52லேருந்து 27 கழிச்சு 35னு எழுதுறான். தப்புன்னு அடிச்சிட்டுப் போயிடலாம். ஆனா கொஞ்சம் உத்துப் பாருங்க, அவன் ஒவ்வொரு ஸ்தானத்துலயும் பெரிய எண்ணுலேருந்து சின்ன எண்ணக் கழிச்சிருக்கான், 7லேருந்து 2 போனா 5, 5லேருந்து 2 போனா 3. கவனக்குறைவு இல்ல இது, அவன் மனசுல ஒரு விதி இருக்கு, அந்த விதிப்படி ஒழுங்கா கணக்கு போட்டிருக்கான். 1978லேயே பிரவுன், பர்ட்டன்னு ரெண்டு ஆய்வாளர்கள் கழித்தல்ல பசங்க பண்ற தப்புல நிறைய இப்படி ஒரு முறையோடதான் வருதுன்னு விரிவா எழுதியிருக்காங்க. இப்ப உறுதிப்படுத்த 61 கழித்தல் 38 கொடுங்க. 37னு வந்தா அதே விதிதான். கடன் வாங்குறதையே திரும்பத் திரும்ப போர்டுல போட்டுக் காட்டுனா அந்த விதி போகாது, பத்துப் பத்தா கட்டின குச்சிகளைக் கையில கொடுத்து ஒரு கட்டைப் பிரிக்க வைக்கணும்.

இதுக்குள்ள எத்தனை இருக்கு பாருங்க. குழந்தை தானா ஒரு விதிய உருவாக்கிக்கும்ங்கிறது பியாஜே வழி வந்த சிந்தனை. கையில பொருள் கொடுக்கிறது ஏன்னா அந்த வயசுக் குழந்தைக்குக் கண்ணால பாத்து கையால தொட்டாதான் யோசிக்க வரும்ங்கிறதும் அவர்கிட்டேருந்துதான். எவ்வளவு உதவி பண்ணா அவனே மீதிய முடிப்பான்னு பாக்குறது வைகாட்ஸ்கி. ஒரு கேள்வி கொடுத்து அவன் என்ன நினைக்கிறான்னு கண்டுபிடிச்சு அதுக்கேத்த மாதிரி அடுத்த ஸ்டெப்ப மாத்துறதத்தான் ஃபார்மேட்டிவ் அசெஸ்மென்ட்னு சொல்றோம். எக்ஸாம்ல கேக்குறதும் இதையேதான்.

அதனால தனியா ஒரு நோட்டு போடுங்க. அப்சர்வேஷன்ல பாக்குற ஒவ்வொரு தப்பு விடையையும் அதுல எழுதுங்க, அவன் எப்படி யோசிச்சிருப்பான்னு ஒரு வரி, அடுத்து நான் என்ன கேப்பேன்னு ஒரு வரி, இது எந்தப் பாடத்துல படிச்சதோட ஒட்டுதுன்னு ஒரு வரி. பிராக்டிஸ் முடியிறப்ப உங்க எக்ஸாம் நோட்ஸ் தானா ரெடியாயிருக்கும்.

படிக்கிற முறை பத்தியும் ஒண்ணு சொல்லிடுறேன். புத்தகத்தத் திரும்பத் திரும்ப வாசிக்காதீங்க, மூடி வச்சிட்டு ஞாபகத்துலேருந்து எழுதிப் பாருங்க. 2006ல ரோடிகர், கார்பிக்கி ரெண்டு பேரும் காலேஜ் மாணவர்கள வச்சு இதப் பாத்தாங்க, ஒரே பகுதிய மறுபடி வாசிச்சவங்க அஞ்சு நிமிஷம் கழிச்சு வச்ச டெஸ்ட்ல முன்னாடி இருந்தாங்க, ஆனா ஒரு வாரம் கழிச்சு வச்ச டெஸ்ட்ல மறுபடி வாசிக்காம ஞாபகத்துலேருந்து எழுதிப் பாத்தவங்கதான் அதிகமா சொன்னாங்க. வாசிக்கும்போது எல்லாம் தெரிஞ்ச மாதிரி ஒரு நம்பிக்கை வரும், அத நம்பக் கூடாது. நாளைக்கு உங்க பசங்களுக்கும் இதையே சொல்லிக் கொடுக்கப் போறீங்க.

பழையகரும்பலகை பதில்:

நான் பல வருஷமா ஆறாவது ஏழாவதுக்கு கணக்கு எடுக்கிறேன், டீச்சிங் பிராக்டிஸுக்கு வர்ற பிள்ளைங்களுக்கு மென்ட்டராவும் இருக்கேன். சாக்பீஸ் தம்பி சொன்ன நோட்டு நல்ல யோசனை. அதோட நான் வேற ரெண்டு மூணு விஷயம் சொல்றேம்மா.

அப்சர்வேஷனுக்கு வர்ற பிள்ளைங்க எல்லாரும் பின்னாடி உக்காந்து டீச்சரையே பாத்துக்கிட்டு இருப்பாங்க. டீச்சர் என்ன எழுதினாங்க, எப்படி நின்னாங்க. அதைத்தான் நீ உன் ஸ்கூல் வாழ்க்கை பூரா பாத்துட்டியே. லார்ட்டின்னு ஒரு சமூகவியலாளர் 1975லேயே எழுதினார், ஒருத்தர் பள்ளிக்கூடத்த முடிக்கிறதுக்குள்ள ஏறக்குறைய 13,000 மணி நேரம் டீச்சர்ங்கள நேர்ல பாத்திருப்பாங்க, ஆனா பாத்ததெல்லாம் மேடைல நடக்கிற பகுதி மட்டும்தான், அந்த டீச்சர் ஏன் அந்தக் கேள்வியத் தேர்ந்தெடுத்தாங்க, எத விட்டாங்க, எதுக்குப் பயந்தாங்கன்னு ஒண்ணும் தெரியாதுன்னு. அதனால பின் பெஞ்ச விட்டு எந்திரிச்சு வந்து பசங்கள பாரு. ஒரு பீரியட் முழுக்க ஒரே ஒரு குழந்தைய மட்டும் பாரு. எந்த நிமிஷத்துல அது புரியாம விட்டுட்டு ஜன்னல் பக்கம் திரும்புது, அதுக்கு முன்னாடி போர்டுல என்ன வந்துச்சு. கிளாஸ் முடிஞ்சதும் டீச்சர்கிட்ட "ஏன் மூணாவது கணக்க விட்டுட்டு நாலாவதுக்குப் போனீங்க"ன்னு கேளு. மென்ட்டருக்கு இந்த மாதிரி கேள்வி ரொம்பப் பிடிக்கும், "எப்படி இருந்துச்சு சார்"னு கேட்டா "நல்லா இருந்துச்சும்மா"ன்னு சொல்றதத் தவிர எங்களுக்கு வேற வழியில்ல.

கன்ட்ரோல் பத்தி. எல்லாரும் குரலை உயர்த்துறதப் பத்தியும் தண்டனையப் பத்தியும்தான் கேக்குறாங்க. குனின்னு ஒரு ஆய்வாளர் 1970ல ஒரு முக்கியமான விஷயம் சொன்னார், நிறைய கிளாஸ வீடியோ எடுத்துப் பாத்தப்ப, நல்லா நடக்குற கிளாஸுக்கும் கலைஞ்சு போற கிளாஸுக்கும் வித்தியாசம் தப்பு நடந்தப்புறம் டீச்சர் என்ன பண்றாங்கங்கிறதுல பெருசா இல்ல, அதுக்கு முன்னாடி பண்றதுலதான் இருக்குன்னு. கிளாஸ்ல எங்க என்ன நடக்குதுன்னு டீச்சருக்குத் தெரியும்ங்கிறது பசங்களுக்குத் தெரியணும், பாடம் தடுமாறாம ஒண்ணுலேருந்து அடுத்ததுக்கு நகரணும். நான் பாக்குறேன்ல, புதுசா வர்ற பிள்ளைங்க கிளாஸ் கையை விட்டுப் போறது முக்கால்வாசி நேரம் ஒர்க்‌ஷீட் கொடுக்கிறப்பதான். பேப்பரக் கையில கொடுத்தப்புறம் என்ன செய்யணும்னு சொல்ல ஆரம்பிப்பாங்க, யாரு கேப்பா? முதல்ல சொல்லு, ஒரு குழந்தைய திருப்பிச் சொல்ல வை, அப்புறம் பேப்பர். முடிச்சவங்க அடுத்து என்ன பண்ணணும்னும் போர்டுலயே எழுதிடு. பாதி சத்தம் குறைஞ்சிடும்.

இன்னொண்ணு, கேள்வி கேட்டுட்டு பேசாம நில்லு. மேரி பட் ரோன்னு ஒரு ஆய்வாளர் 1970கள்ல அளந்து பாத்தாங்க, சராசரியா ஒரு செகண்டுதான் டீச்சருங்க காத்திருக்காங்க, அதுக்குள்ள வேற பேர் கூப்பிடுவாங்க இல்ல தானே பதில் சொல்லிடுவாங்க. அத மூணு செகண்டுக்கு மேல ஆக்கினா பதில் நீளமாகுது, வழக்கமா பேசாத குழந்தைங்க பேசுது. மூணு செகண்ட் அமைதி புது டீச்சருக்கு ரொம்ப நீளமா தெரியும், பழகிக்கணும்மா.

நடுவரிசை பதில்:

மேல ரெண்டு பேரும் நல்லா சொல்லியிருக்காங்க, ஆனா யாரும் பேசாத ஒரு பக்கம் இருக்கு, பேப்பர் வேலை. லைசென்ஸ்னா எக்ஸாம் மட்டும் இல்லங்க. பெரும்பாலான இடத்துல அங்கீகாரம் உள்ள படிப்பு, மேற்பார்வையோட குறிப்பிட்ட காலம் டீச்சிங் பிராக்டிஸ், எக்ஸாம், அதுக்கு மேல குற்றப் பின்னணி சரிபார்ப்புன்னு தனித்தனியா கேப்பாங்க. லைசென்ஸ் குறிப்பிட்ட பாடத்துக்கும் வகுப்பு நிலைக்கும்தான் வரும். நீங்க எடுத்திருக்கிற கணக்கு பேப்பர்ங்க எந்த நிலைக்குப் போதும், மேல் வகுப்புக்கு இன்னும் எதாவது எடுக்கணுமான்னு இப்பவே லைசென்ஸ் கொடுக்கிற அலுவலகத்தோட விதியப் படிங்க, காலேஜ் அட்வைசர் வாயால சொன்னத மட்டும் நம்பாதீங்க. எனக்குத் தெரிஞ்ச ஒருத்தங்க கடைசி செமஸ்டர்லதான் ஒரே ஒரு பேப்பர் குறையுதுன்னு கண்டுபிடிச்சாங்க, ஒரு வருஷம் தள்ளிப் போச்சு. வேற ஊருக்கோ வேற நாட்டுக்கோ போற எண்ணம் இருந்தா இங்க வாங்குன லைசென்ஸ் அங்க அப்படியே செல்லுமான்னும் பாத்து வைங்க, பல நேரம் கூடுதலா எக்ஸாமோ பேப்பரோ எழுத வேண்டி வரும்.

எக்ஸாம் எப்ப ஆரம்பிக்கணும்னா, பாட அறிவு பகுதிய இப்பவே. பிராக்டிஸ் நேரத்துல லெசன் பிளான் எழுதவே ராத்திரி போயிடும், உக்காந்து படிக்கலாம்னு கனவு காணாதீங்க. கற்பித்தல் பகுதிய சாக்பீஸ் சொன்ன மாதிரி பிராக்டிஸோட சேத்துக்கலாம். முதல்ல அதிகாரப்பூர்வ சிலபஸ்ல எந்தப் பகுதிக்கு எவ்வளவு வெயிட்டேஜ்னு பாருங்க, ஒரு பழைய பேப்பரயோ மாதிரி பேப்பரயோ நேரம் வச்சு எழுதுங்க, எங்க அடி வாங்குதோ அங்கேருந்து தொடங்குங்க.

பாட அறிவுன்னா சும்மா கணக்கு போடத் தெரியிறது இல்ல, இத நான் அழுத்திச் சொல்வேன். ஷுல்மன் 1986ல இதுக்குன்னு ஒரு கருத்தே வச்சார், பாடம் தெரிஞ்சவருக்கும் அந்தப் பாடத்தச் சொல்லிக் கொடுக்கத் தெரிஞ்சவருக்கும் நடுவுல தனியா ஒரு அறிவு இருக்குன்னு. முக்கால அரையால வகுத்தா ஒன்றரை வரும், திருப்பிப் போட்டுப் பெருக்குன்னு எல்லாருக்கும் தெரியும். ஏன் திருப்பணும்? வகுத்தா குறையணுமே எப்படி கூடுச்சுன்னு ஒரு குழந்தை கேட்டா? முக்காலுக்குள்ள எத்தனை அரை இருக்குன்னு படம் போட்டுக் காட்டத் தெரியணும். சிலபஸ எடுத்து ஒவ்வொரு தலைப்புக்கும் "ஏன்"னு கேட்டு உங்களால வாய்விட்டு விளக்க முடியுதான்னு பாருங்க. முடியாத தலைப்புங்கதான் உங்க படிக்க வேண்டிய லிஸ்ட்.

உதாரணம் தேர்ந்தெடுக்கிறதும் இதுல ஒரு பகுதிதான். 0.75, 0.5 ரெண்டுல எது பெருசுன்னு கேட்டா, புள்ளிக்கு அப்புறம் நீளமா இருந்தா பெருசுன்னு நினைக்கிற குழந்தையும் சரியா சொல்லிடும், உங்களுக்கு ஒண்ணும் தெரியாது. 0.35, 0.5ன்னு கேட்டாதான் மாட்டும்.

கணக்குப்பெண் எழுதியது:

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க, இவ்வளவு விவரமா யாரும் எனக்குச் சொன்னதில்ல. 0.35 உதாரணம் படிச்சதும் நான் போன வாரம் எழுதுன லெசன் பிளான எடுத்து எல்லா எண்ணையும் மாத்திட்டேன்.

இன்னும் ரெண்டு கேள்வி. மாடல் பேப்பர்ல "காட்சி வழி கற்கும் மாணவர், செவி வழி கற்கும் மாணவர்"னு வருது, ஆனா எங்க லெக்சரர் அதுக்கு ஆதாரம் இல்லன்னு சொல்றாங்க, எக்ஸாம்ல எத எழுதுறது? அப்புறம் பிராக்டிஸ்ல மென்ட்டர் ஒவ்வொரு கிளாஸுக்கும் ஃபார்ம்ல ஸ்கோர் போடுவாங்களாம், அத நினைச்சாலே கை நடுங்குது, எப்படி எதிர்கொள்றது?

சாக்பீஸ் பதில்:

உங்க லெக்சரர் சொல்றது சரி. 2008ல பாஷ்லர் குழு இருக்கிற ஆய்வுங்களையெல்லாம் அலசிட்டு, மாணவரோட ஸ்டைலுக்கு ஏத்த மாதிரி சொல்லிக் கொடுத்தா நல்லா கத்துக்கறாங்கங்கிறதுக்குப் போதுமான ஆதாரம் இல்லன்னு எழுதினாங்க. எக்ஸாம்ல அப்படி ஒரு கேள்வி வந்தா, படம், பேச்சு, பொருள், செய்முறைன்னு ஒரே கருத்த பல வழியில எல்லா மாணவருக்கும் காட்டுற ஆப்ஷன் இருக்கும், பெரும்பாலும் அதுதான் பொருத்தமான விடை, அது கிளாஸுக்கும் நல்லது. சில பசங்கள "நீ செவி வழி"ன்னு முத்திரை குத்திப் பிரிக்கிற ஆப்ஷன விட்டுடுங்க.

நாலு ஆப்ஷனும் சரியா தெரியிற பிரச்சனைக்கு ஒரு வழி. எந்த ஆப்ஷன்ல ஆசிரியர் முதல்ல அந்த மாணவன் என்ன நினைச்சான்னு கண்டுபிடிக்கிறாரோ அதுலேருந்து யோசிக்கத் தொடங்குங்க. உடனே விடைய சொல்லிடுறது, அதே விளக்கத்த மறுபடி சொல்றது, ஒரேயடியா வேற பயிற்சிக்கு அனுப்புறது இதெல்லாம் அடுத்த வரிசைதான். ஆபத்து, பாதுகாப்பு சம்பந்தமான கேள்வின்னா மட்டும் கதை வேற, அங்க உடனே செய்ய வேண்டியதத்தான் முதல்ல.

பேர் கேட்டா மாட்டிக்கிற ஒண்ணு, ஸ்கஃபோல்டிங், அதாவது குழந்தை தானா செய்யிற வரைக்கும் கொடுக்கிற தற்காலிக உதவி, இந்தச் சொல்ல வைகாட்ஸ்கி சொன்னதா நிறைய நோட்ஸ்ல போட்டிருப்பாங்க. அவர் 1934லயே இறந்துட்டார், அந்தச் சொல் 1976ல வுட், புரூனர், ராஸ் மூணு பேர் எழுதின கட்டுரைலதான் வருது. கருத்து ரெண்டும் நல்லா ஒட்டும்ங்கிறதால சேத்துச் சொல்றாங்க.

நடுவரிசை பதில்:

ஒரு சின்ன மாற்றுக் கருத்து. "மாணவன் என்ன நினைச்சான்னு கண்டுபிடிக்கிற ஆப்ஷன்"ன்னு ஒரு ஃபார்முலாவா மனசுல வச்சுக்காதீங்க. கேள்விலயே ஆசிரியர் காரணத்தக் கண்டுபிடிச்சிட்டாருன்னு இருந்தா அடுத்த ஸ்டெப் கேக்குறாங்கன்னு அர்த்தம், அவசரத்துல அந்த வரிய தாண்டிப் படிச்சா போச்சு. கேள்வியோட கடைசி வாக்கியத்த முதல்ல படிங்க.

பழையகரும்பலகை பதில்:

ஸ்கோர் பத்தி கேட்டியேம்மா. ரூத் பட்லர் 1988ல ஒரு ஆய்வு பண்ணாங்க, பசங்கள்ல ஒரு பிரிவுக்கு மார்க் மட்டும், ஒரு பிரிவுக்கு கருத்து மட்டும், ஒரு பிரிவுக்கு ரெண்டும். கருத்து மட்டும் வாங்குனவங்கதான் முன்னேறினாங்க, ரெண்டும் வாங்குனவங்க மார்க் மட்டும் வாங்குனவங்கள மாதிரியே இருந்துட்டாங்க. மார்க்கு கண்ணுல பட்டதும் கருத்துக்கு மனசு போகல. என்கிட்ட வர்ற பிள்ளைங்களும் அப்படித்தான், ஃபார்மத் திருப்பி நம்பரத் தேடுவாங்க.

அதனால கிளாஸுக்கு முன்னாடியே உன் மென்ட்டர்கிட்ட போய், "இன்னிக்கு நான் கேள்வி கேட்டுட்டுக் காத்திருக்கேனான்னு மட்டும் பாருங்க"ன்னு ஒரே ஒரு விஷயத்தக் கேளு. கிளாஸ் முடிஞ்சதும் முதல்ல அதப் பத்திப் பேசுங்க, ஃபார்ம் அப்புறம். அடுத்த நாள் முடிஞ்சா அதே பாடத்த இன்னொரு செக்‌ஷனுக்கு எடு. மைக்ரோ டீச்சிங் 1960கள் தொடக்கத்துல ஸ்டான்ஃபோர்ட்ல டுவைட் ஆலன் குழு உருவாக்குனப்பவே இதுதான் அதோட உயிர், சின்னதா ஒரு பாடம் எடு, கருத்து கேளு, திருத்தி உடனே திரும்ப எடு. திரும்ப எடுக்கிறதுதான் உன்ன மாத்தும், முதல் தடவை எடுத்ததுக்கு எத்தனை மார்க்குங்கிறதுல ஒண்ணுமில்ல.

முதல் வாரம் முழு பீரியட் எடுக்க ஆசைப்படாத. ஆரம்பப் பத்து நிமிஷத்த மட்டும் கேட்டு வாங்கிக்கோ, மீதி நேரம் சுத்தி வந்து நோட்டப் பாரு. எல்லாப் பேரையும் சீக்கிரம் மனப்பாடம் பண்ணிடு, உக்கார்ற இடத்தோட ஒரு வரைபடம் போட்டு வச்சுக்கோ. பேரு தெரிஞ்சா தூரத்துலேருந்தே மெதுவா கூப்பிடலாம், பாடத்த நிறுத்த வேண்டியதில்ல. லெசன் பிளான்ல நீ என்ன செய்வேன்னு எழுதுற வரிக்குப் பக்கத்துல பசங்க அந்த நேரம் என்ன செஞ்சுக்கிட்டு இருப்பாங்கன்னு எழுது. அந்தப் பக்கம் "கவனிப்பார்கள்"ங்கிற சொல் நிறைய தடவ வந்தா அந்த பிளான மாத்தி எழுதுறது நல்லது. ரெண்டு மூணு பிளான் எழுதி முடிச்சதும் இங்க போடும்மா, நான் பாத்துச் சொல்றேன்.